அமெரிக்க நாட்டிற் பூசணி

நம் வீட்டுக் கோடியிலே படர்ந்து காய்க்கும் பூசணியை நாம் நம் நாட்டுக்கே உரியதென எண்ணுகின்றோம். அதன் தாயகமோ அமெரிக்கக் கண்டம். தமிழகத்தார் அதனைப் பரங்கிக்காய் என அழைப்பதே அது கடல் கடந்து வந்ததைக் காட்டும்.

மெக்சிக்கோவின் ஓகாக்காப் பகுதியில் ஒரு குகையிலே கிடைத்த விதைகளை ஆராய்ந்தோர், ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் பூசணியைப் பயிரிட்டனர் எனத் துணிந்தனர். காட்டுப் பூசணியின் சதை கைப்புடையது. அதனை நல்ல கறிக்காயாக்கியது தலைமுறை தலைமுறையாக விதை தெரிந்து நட்ட உழவரின் பொறுமையேயாம்.

வட அமெரிக்கப் பழங்குடியினராகிய இறோக்குவா மக்கள் சோளம், போஞ்சி, பூசணி ஆகிய மூன்றையும் 'மூன்று சகோதரிகள்' எனப் போற்றினர். சோளத்தண்டு போஞ்சிக்குக் கொழுகொம்பாகும். போஞ்சி மண்ணுக்கு உரமூட்டும். பூசணியின் அகன்ற இலைகள் களையை அடக்கி ஈரத்தைக் காக்கும். ஒற்றுமைக்கு இதனினுஞ் சிறந்த பாடம் வேறெங்குளது?

1620 இலே பிளிமத்திற் குடியேறிய ஆங்கிலேயருட் பாதிப்பேர் முதற் பனிக்காலத்திலேயே மாண்டனர். எஞ்சியோருக்குச் சோளம் பயிரிடும் முறையைக் காட்டி உதவியோர் அம்மண்ணின் மக்களே. 1621 இல் இருசாராரும் ஒருங்கிருந்து அறுவடை விருந்துண்டனர். ஆயின் நன்றி நிலைக்கவில்லை. 1779 இல், வாஷிங்டனின் ஆணைப்படி சென்ற சல்லிவன் தளபதியின் படை இறோக்குவா ஊர்கள் நாற்பதளவில் எரித்து, விளைநிலங்களையும் பாழாக்கிற்று. மூன்று சகோதரிகளும் அன்று ஒருங்கே வீழ்ந்தனர்.

1796 இல் வெளிவந்த அமீலியா சிம்மன்சின் சமையல் நூலிலே பூசணிப் பலகாரம் இடம்பெற்றது. 1863 இல் ஆபிரகாம் லிங்கன் நன்றி கூறும் நாளை நாடு முழுவதற்கும் பிரகடனஞ் செய்தார். அந்நாளின் விருந்திலே பூசணிப் பலகாரம் இன்றும் நீங்கா இடம் பெறுகின்றது. கிழங்கைக் குடைந்து விளக்கேற்றும் வழக்கத்தோடு வந்த அயர்லாந்து மக்கள், அங்கே பூசணியைக் குடைந்து விளக்காக்கினர். இன்று தகரத்திலடைத்து விற்கும் பூசணியிற் பெரும்பகுதி இலினோய் மாநிலத்தில் விளைவதாம்.

காயை ஏற்றுக்கொண்ட உலகம், அதனை வளர்த்த கைகளை மறந்தது. இளைஞர்களே! உண்ணும் ஒவ்வொரு கவளத்தின் பின்னும் யாரோ ஓர் உழவனின் வரலாறு உண்டு. அதனை அறிந்து போற்றுதலே நாம் செலுத்தத்தக்க உண்மையான நன்றியாகும்.