கண்ணீருக்கு ஈடான குருதித் துளி

கண்ணீரைத் துன்பத்தின் அடையாளம் என்றே பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் அது கண்ணுக்குக் காவலும் உணவும் ஆகும். ஒளி தடையின்றிச் செல்ல வேண்டியிருத்தலால் கருவிழியில் குருதிக் குழாய்கள் இல்லை. அதன் மேற்றோல் வளரவும், புண்பட்டால் ஆறவும் வேண்டிய பொருள்கள் பல கண்ணீரின் வழியே வருகின்றன. கண்ணீர் வெறும் நீரன்று என்னும் இவ்வுண்மையை மருத்துவ உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது.

கண்ணீரை அளக்க எளிய வழி கண்டவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர். 1903ஆம் ஆண்டில் அவர் கூறிய முறை இன்றும் வழக்கில் உள்ளது. வடிதாள் துண்டு ஒன்றின் நுனியை மடித்துக் கீழிமையில் செருகுவர். 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டர் கூட நனையாவிடின் வறட்சி கடுமையானது எனக் கொள்வர்.

வறட்சியின் காரணத்தை நாடியவர் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென். கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்று முறையிட்ட 19 பெண்களை ஆராய்ந்து, 1933இல் ஸ்டாக்ஹோமில் ஆய்வுரை அளித்தார். அவருள் 13 பேருக்கு மூட்டு வாதமும் இருந்தது; வாய் வறட்சியும் காணப்பட்டது. எனவே இது கண்ணளவில் நிற்கும் நோயன்று, உடல் முழுவதையும் பற்றியது என்றார். தேர்வாளர் அவ்வுரைக்கு உயர்ந்த தகுதி வழங்கவில்லை. பல்கலைக்கழகப் பதவிக்கு வழி அடைபட்டது. அவர் யொன்சோப்பிங் நகரில் கண் மருத்துவராய்ப் பணியாற்றினார். 1943இல் ஆஸ்திரேலிய மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் ஆய்வுரையை ஆங்கிலத்தில் பெயர்த்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. 1961இல் சுவீடன் அரசு அவருக்குப் பேராசிரியர் பட்டம் அளித்தது.

நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள், தன் உடலின் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்குவதால் வருவது இந்நோய். செயற்கைக் கண்ணீர் ஈரம் தரும், ஊட்டம் தராது. கெடாதிருக்க அதில் சேர்க்கும் பொருளோ, அடிக்கடி இடுவோர்க்குக் கருவிழியைப் புண்படுத்தவும் கூடும்.

இவ்விடத்தேதான் குருதி துணைக்கு வந்தது. உறைந்த குருதியினின்று பிரியும் தெளிநீரைச் சீரம் என்பர். கண்ணீரிலுள்ள வைட்டமின் ஏ, மேற்றோலை வளர்க்கும் புரதம் முதலியன சீரத்திலும் உள்ளன. 1975இல் அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் முதலியோர் சிறு பம்பின் வாயிலாக அதனைக் கண்ணுக்குச் செலுத்தினர். 1984இல் ராபர்ட் ஃபாக்ஸ் குழுவினர், வறண்ட கண்ணுடையோர்க்கு அவரவர் சீரத்தையே சொட்டு மருந்தாக்கிப் பயன் கண்டனர். 1999இல் ஜப்பானியர் கசுவோ சுபோட்டா குழுவினர், ஷோகிரென் நோயாளர் 12 பேருக்கு 20 விழுக்காட்டுச் சீரத்தை இட்டு, கருவிழிப் புண் குறைந்ததை எடுத்துக்காட்டினர். வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்று கண்ணீரினும் குருதியில் மிகுந்திருத்தலால், உப்புநீர் சேர்த்து ஐந்தில் ஒரு பங்காக்கினர்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. கெடாமற் காக்கும் பொருள் இன்மையால் உறைநிலையில் வைக்க வேண்டும். தூய்மை தவறினால் கிருமி சேரும். சோகை உடையோரிடம் குருதி எடுப்பது அரிது. 2013, 2017ஆம் ஆண்டுகளில் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட திறனாய்வுகள், குறுகிய காலத்தில் ஓரளவு பயன் இருக்கலாம் என்றும், நீண்ட காலப் பயனுக்குச் சான்று போதாது என்றும் கூறின. சுரப்பிகளைத் தாக்கும் மூல நோய் இதனால் தீர்வதுமில்லை.

எனினும், பிற மருந்துகளால் தேறாத கண்களுக்கு இஃது ஓர் ஆறுதல். 19 பெண்களின் முறையீட்டை ஒரு மருத்துவர் பொருட்படுத்திக் கேட்டதனால் தெளிந்த வழி இது. நோயாளி சொல்லைச் செவிமடுப்பதே மருத்துவத்தின் முதற்படி என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.