கொக்கி ஊசியும் குழந்தைச் சட்டையும்

வடநாட்டுக் குளிரில் பிறக்கும் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னித் தருவது, தமிழகம் விட்டு வந்த நாம் இங்குக் கற்றுக்கொண்ட நல்வழக்கம். முன்புறம் திறந்து பொத்தானிடும் அச்சட்டைக்குக் 'கார்டிகன்' என்று பெயர். கிரிமியப் போரில், 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று, பாலக்ளாவாவில் குதிரைப் படையை நடத்திச் சென்ற ஆங்கிலப் பிரபுவின் பெயர் அது. கழுத்து நில்லாத மகவுக்கு, தலைவழியே மாட்ட வேண்டாத இவ்வுடை மிகப் பொருத்தமே.

அதனைப் பின்னும் குரோஷாக் கலைக்கோ வேறொரு வரலாறு உண்டு. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழியத் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அப்போது கார்க் நகரக் கன்னிமாடத்தார் ஏழைப் பெண்களுக்கு இப்பின்னலைக் கற்பித்தனர். 1847-இல் குளோன்ஸ் என்னும் சிற்றூரில் கசாண்ட்ரா ஹேண்ட் அம்மையார் இத்தொழிலைத் தொடங்கி வைத்தார். கொக்கியும் நூலுமே மூலதனம். பின்னல் விற்ற காசில் பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன.

பிரபுவின் பெயர் சட்டையில் நிலைத்துவிட்டது. அப்பெண்களுள் பெரும்பாலோர் பெயரை ஏடுகள் அறியா. எனினும், அண்டை வீட்டுக் குழந்தைக்கென நாம் கண்ணி கண்ணியாய்ப் பின்னும்போது, அவர்தம் கைத்திறன் நம் விரல்களில் வாழ்கிறது.