லேத் மெஷினும் லண்டன் கமிட்டியும்

ஆயுத ஏற்றுமதின்னா நமக்கு பீரங்கியும் ஏவுகணையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பிரிட்டிஷ் எம்.பி.க்கள் விழித்துக்கொண்டது லேத் மெஷின் விவகாரத்தில்.

காவன்ட்ரி நகரத்து மேட்ரிக்ஸ் சர்ச்சில் கம்பெனி, சதாம் உசேனின் ஈராக்குக்கு லேத் போன்ற இயந்திரங்களை விற்றது. ஆயுதம் செய்யத்தான் அவை போகின்றன என்பதை மறைத்ததாக அதன் நிர்வாகிகள்மீது வழக்கு. அரசு ஆவணங்களைக் கோர்ட்டில் காட்டக்கூடாது என்று அமைச்சர்களே கையெழுத்துப் போட்டார்கள். 1992 நவம்பரில் முன்னாள் அமைச்சர் ஆலன் கிளார்க் கொடுத்த சாட்சியத்தில் வழக்கு சரிந்தது. அரசாங்கத்துக்கு எல்லாம் முன்பே தெரியும்! நீதிபதி ஸ்காட் விசாரித்து 1996-இல் அறிக்கை கொடுத்தார். ஏற்றுமதி விதியைத் தளர்த்தியதை நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமல் விட்டது அதில் அம்பலமானது. 1999 முதல் நான்கு நாடாளுமன்றக் குழுக்கள் சேர்ந்து உட்கார்ந்து, எந்த நாட்டுக்கு என்ன லைசென்ஸ் கொடுத்தீர்கள் என்று அரசைக் கேட்கத் தொடங்கின.

அந்தக் கூட்டுக் குழுவின் 2009 ஆகஸ்ட் அறிக்கையில் இலங்கையும் வருகிறது. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்றே மாதம். இலங்கைக்கான லைசென்ஸ்களை மறு ஆய்வு செய்யுங்கள், நாம் விற்றதில் எதெல்லாம் அந்தப் போரில் பயன்பட்டது என்று மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்றது குழு. எல்லாம் முடிந்தபிறகு கேட்ட கேள்விதான். லைசென்ஸை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. ஆனாலும் கேள்வி பதிவில் இருக்கிறது. (அந்தக் கூட்டுக் குழுவையே 2024-இல் கலைத்துவிட்டார்கள், அது வேறு கதை.)

நம்ம பக்கம் பார்ப்போம். 2008 செப்டம்பரில் வவுனியா ராணுவத் தளத்தைப் புலிகள் தாக்கியபோது, இந்தியா கொடுத்த ரேடார் வேலையில் இருந்த இரண்டு இந்தியர்கள் காயமடைந்தார்கள். அங்கே நம் ஆட்கள் இருந்ததே தமிழ்நாட்டில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. யாராவது அடிபட்டால்தான் செய்தி வரும் என்பது என்ன ஏற்பாடோ.

பாதுகாப்புத் துறைக்கென நாடாளுமன்ற நிலைக்குழு 1993 முதல் இருக்கிறது. ஏற்றுமதி அனுமதிகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு குழு கிடையாது. கேள்வி கேட்டால் மொத்தத் தொகை வரும்: 2013-14-இல் 686 கோடி ரூபாய், 2024-25-இல் 23,622 கோடி. எந்த நாட்டுக்கு எது என்று கேட்டால், பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாது என்ற பதில் வந்திருக்கிறது. இஸ்ரேலுக்கான ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று. சரி, அது கோர்ட் வேலை இல்லை. அப்போ எம்.பி.க்கள் வேலைதானே?

ஃபேர்லேண்ட்ஸில் உட்கார்ந்து இதையெல்லாம் ஏன் நோண்டுகிறேன் என்றால், 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. ஆர்டர் வந்தால் நல்லதுதான், நாலு பேருக்கு வேலை கிடைக்கும். நாளைக்கு நம்ம ஊர் லேத்தில் கடைந்த ஒரு உதிரிபாகம் எந்த நாட்டுக்குப் போச்சுன்னு சேலம் எம்.பி. மக்களவையில் எழுந்து கேட்டால், இன்றைய வழக்கப்படி அவருக்குக் கிடைக்கப்போவது மொத்தத் தொகைதான்.