மூன்றாவது கேள்வி: திப்புவின் துவக்கும் கண்டிப் பீரங்கியும்



வகுப்பில் திப்பு சுல்தானின் பேச்சு வந்தால் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "அவர்ட துவக்கு, வாள் எல்லாம் இப்ப எங்க இருக்கு?" சில நூதனசாலைகளில் இருக்கின்றன. பல தனியார் கைகளில் இருக்கின்றன. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அவை மாறும் இடம் பெரும்பாலும் லண்டன் ஏலக் கூடங்கள்தான். அங்கே பழைய துவக்குகளைத் தூக்கி, அளந்து, விவரம் எழுதி, வாங்க வருபவர்களுக்குக் காட்டுவது ஒரு தொழில். ஏலம் நெருங்கும் நாட்களில் பகுதிநேரமாகவும் ஆட்கள் செய்யும் தொழில். அந்த வேலைக்குள் ஒரு வரலாற்றுப் பாடம் இருப்பதால் இன்று அதைப் பற்றி எழுதுகிறோம்.

ஒரு பழைய துவக்கு மேசைக்கு வந்ததும் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும்.

முதற் கேள்வி: உள்ளே மருந்து இருக்கிறதா? வாய்வழியாக மருந்து இடித்த பழைய துவக்குகளில் இருநூறு வருடத்துக்குப் பிறகும் மருந்தும் குண்டும் அப்படியே கிடப்பதுண்டு. மெல்லிய கோலைக் குழலுக்குள் விட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று அடையாளம் வைப்பார்கள். அதே கோலைக் குழலுக்கு வெளியே வைத்துப் பார்ப்பார்கள். தீ போகும் துளைக்கு முன்னாலேயே கோல் நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. வெறுங்கையால் உலோகத்தைத் தொடுவதையும் தவிர்ப்பது நல்லது. வியர்வையின் உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

இரண்டாவது: யார் செய்தது? திப்புவின் அரச பட்டறைத் துவக்குகளில் இதற்குப் பதில் உலோகத்திலேயே இருக்கும். புலித்தலை முத்திரை, புலிவரிக் கோலம், செய்தவர் பெயர், வருடம். ஆனால் அந்த வருடம் ஹிஜ்ரி இல்லை. நபி (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து எண்ணும் மவ்லூதி ஆண்டைத் திப்பு நடைமுறைப்படுத்தினார். இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தார். 1224 என்பது 4221 போலத் தெரியும். இது தெரியாதவர் எவ்வளவு நேரம் பார்த்தாலும் வருடம் பிடிபடாது. பாரசீக, அறபு எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரின் உதவி இல்லாமல் அந்த மேசையில் வேலை நடக்காது.

மூன்றாவது: யார் யார் கையால் வந்தது? விலையைப் பெரிதும் ஏற்றி இறக்குவது இந்தக் கேள்விதான்.

திப்புவின் பொருட்களில் பலவற்றுக்குப் பதில் ஒரே நாளில் தொடங்குகிறது. 1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, சுல்தான் ஷஹீதானார். நகரம் சூறையாடப்பட்டது. பிறகு ஒரு குழு அமைத்து, பதவிக்கேற்பப் பங்கும் பிரித்தார்கள். பங்கு வாங்கிய அதிகாரிகளின் குடும்பங்களில் பட்டியலும் கடிதமும் மிஞ்சின. இன்று அந்தக் கடதாசிதான் "இது திப்புவினுடையதுதான்" என்று நிரூபிக்கும் சாட்சி. கொள்ளையின் பதிவே விலையை ஏற்றுகிறது. 2015 இல் லண்டனில் திப்புவின் ஆயுதத் தொகுப்பு ஒன்று ஏலம் போனபோது மொத்தத் தொகை 6 மில்லியன் பவுணைத் தாண்டியது. 2023 மே மாதம் அவருடைய வாள் ஒன்று மட்டும் சுமார் 14 மில்லியன் பவுணுக்குப் போனது.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. திப்புவுக்காக 1793-94 இல் அஸத் கான் முஹம்மத் என்ற கைவினைஞர் செய்த வேட்டைத் துவக்கு ஒன்று. ஒரே குழல், ஆனால் மறுபடி மருந்து இடிக்காமல் இரண்டு தடவை சுடலாம். பிற்பாடு கோர்ன்வாலிஸ் பிரபுவுக்கு அன்பளிப்பாகப் போனதாகச் சொல்லப்படுகிறது. அப்போது அதற்கு மதிப்பிட்ட பெறுமதி 2 மில்லியன் பவுண். அது நாட்டை விட்டு வெளியே போகாதபடி பிரித்தானிய அரசு தற்காலிகத் தடை போட்டது. செய்த ஊர் மைசூர் இராச்சியம், செய்வித்தவர் மைசூர் சுல்தான். ஆனால் அது போய்விட்டால் நட்டம் தங்களுக்கு என்றது பிரித்தானியா.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1765 இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியது. அப்போது கொண்டுபோன பொருட்களில் ஒன்று, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறிய வெண்கலப் பீரங்கி. லெவ்கே திசாவை கண்டி மன்னருக்குக் கொடுத்தது. ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் நெடுங்காலம் காட்சிக்கு இருந்தது. அங்கும் ஆய்வாளர்கள் கேட்டது அதே மூன்றாவது கேள்விதான். பீரங்கியில் இருந்த சிங்கள எழுத்து, சூரிய சந்திரச் சின்னம், பழைய ஆவணங்கள் எல்லாவற்றையும் பார்த்து, இது கொள்ளைப் பொருள் என்ற முடிவுக்கு வந்தார்கள். 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திரும்பக் கிடைத்தது. இப்போது அது கொழும்பு தேசிய நூதனசாலைக்கு உரியது.

கேள்வி ஒன்றுதான். ஏல மேசையில் அது விலையை ஏற்றியது. நூதனசாலையில் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டு இடத்திலும் பதில் சொன்னது யாரோ எழுதி வைத்த எழுத்து.

உறவுகளே, நம் வீட்டுப் பரண்களில் என்ன இருக்கிறது? மூத்தவாப்பாவின் அறபுத்தமிழ்க் கிதாபு, பழைய காணி உறுதி, கலியாண எழுத்து, கடைக் கணக்குக் கொப்பி. வீடு கழுவும் நாளில் இவற்றைப் பழைய பேப்பர்க்காரனுக்கு நிறுத்துக் கொடுத்த வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். நாம் இந்த மண்ணில் எப்போது, எப்படி வாழ்ந்தோம் என்று நாளை யாராவது கேட்டால், காட்டுவதற்கு அந்தக் கிலோக் கணக்கில் போன கடதாசிதான் இருந்திருக்கும்.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு சிறு வேலை செய்வோம். பரணில் இருந்து ஒரு பொருளை இறக்குவோம். மூத்தும்மாவோ மூத்தவாப்பாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம்: யாருடையது, எப்போது வந்தது, யார் கொடுத்தது? ஒரு துண்டில் எழுதி, திகதி போட்டு, அதோடு சேர்த்து வைப்போம். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்வோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு வைப்போம்.