நாலறிவு உயிரின் பேச்சு: பாறசாலை எல்லையும் தேனீயும்

தேனீக்கு எத்தனை அறிவு? தொல்காப்பிய மரபியலைப் புரட்டினால் நான்கு என்று விடை வரும். நண்டையும் தும்பியையும் தொல்காப்பியர் நாலறிவு வரிசையில் வைத்தார். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் உண்டு. கேட்டல் இல்லை, மனமும் இல்லை. எங்கள் சமண மரபில் உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொரு புலனாக ஏற்றிக்கொண்டே போய், வண்டினத்துக்கு நான்கே கொடுக்கிறது. இரு நூலும் ஒத்துப்போவது ஈண்டுக் கருதத்தக்கது. சரி, மற்ற இரண்டும் தேனீக்கு உண்மையிலேயே இல்லையா? பாறசாலையில் மளிகை வியாபாரம் செய்துகொண்டே இந்தக் கேள்வியின் பின்னால் பல வருஷமாக அலைகிறேன். என் கடையில் எல்லாச் சாமானும் கிடைக்கும், தேன் மட்டும் கிடைக்காது. கள், ஊன் போலத் தேனும் சமணருக்கு விலக்கு. ஆனால் சுற்றியிருப்பதெல்லாம் தேன் ஊர்கள்!

முதலில் வரலாறு. திருச்சிப் பகுதியில் நியூட்டன் பாதிரியார் 1910களில் நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டியை உருவாக்கினார். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையத்தைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அப்போது மார்த்தாண்டமும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் சோதனைச் சாவடி வந்தது. அந்தப் பக்கம் அடுக்குத் தேனீ, இந்தப் பக்கம் மலையாளத்தில் ஞொடியல், ஈ ஒன்றுதான்.

சிதறால் திருச்சாரணத்து மலைக்கு 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள், கீழே ரப்பர் தோட்டங்களையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதன்று. தை, மாசியில் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்துச் சுரப்பியில் தேன் ஊறும். எந்தத் தோட்டம் தளிர்த்திருக்கிறது என்ற சேதி பெட்டிக்குள் எப்படிப் பரவுகிறது? இதைத்தான் நம்மூர் வரலாறு எழுதினவர்கள் கேட்கவில்லை. எத்தனை டின் தேன் என்று கணக்கு எழுதினார்களே தவிர, ஈயின் பேச்சை எழுதவில்லை.

அதை எழுதியவர் ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் வான் ஃபிரிஷ். 1940களில் அவர் கண்டது இது. இரை கண்டு திரும்பிய ஈ, அடையின் மேல் வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராக ஓடும். வட்டமிட்டுத் திரும்பி மறுபடி ஓடும். செங்குத்துக் கோட்டிலிருந்து ஓட்டம் எவ்வளவு சாய்கிறதோ, சூரியன் இருக்கும் திசையிலிருந்து இரையும் அவ்வளவு விலகியிருக்கும். ஓட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ, அவ்வளவு தூரம். 1973இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவர் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களின் நடுவில் இலங்கைக்கே வந்து நம் ஈக்களைப் பார்த்தார். கொம்புத் தேனீ திறந்த வெளியில், அடையின் தட்டையான மேற்புறத்தில், இரையை நோக்கி நேராகவே ஆடுகிறது. அடுக்குத் தேனீ இருட்டுப் பொந்தில், செங்குத்து அடையில் ஆடுகிறது. 1956இல் அவர் இதை வெளியிட்டார்; நமக்கு எல்லை பிரிந்த அதே ஆண்டு.

இருட்டில் ஆடினால் மற்றது எப்படிப் பார்க்கும்? பார்ப்பதில்லை. ஆடும் ஈ சிறகை அதிர்க்கும். பின்தொடரும் ஈ தன் உணர்கொம்பின் இரண்டாம் கணுவில் உள்ள உறுப்பால் அந்தக் காற்றதிர்வை வாங்கிக்கொள்ளும். ஆக, காது இல்லை, கேள்வி உண்டு! "எல்லாம் தொல்காப்பியரே சொல்லிவிட்டார்" என்று எழுதும் பழக்கம் நம் மலர்களில் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. இந்த ஒன்றை அவர் சொல்லவில்லை. அதனால் அவர் பெருமை குறையவும் இல்லை.

மனம் என்ற ஆறாவதுக்கு வருவோம். தேனீ மூளையில் உள்ள நரம்பணுக்கள் சுமார் பத்து லட்சம். மனிதனுக்கு ஏறத்தாழ 8,600 கோடி. ஆனாலும் ஒரு வாசனையோடு சர்க்கரை கொடுத்தால் ஈ கற்றுக்கொள்ளும். பெர்லினில் மார்ட்டின் ஹாமர் என்பவர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரைக்குப் பதிலாக ஒரே ஒரு நரம்பணுவை மின்னோட்டத்தால் தூண்டினார். ஈ அப்போதும் அந்த வாசனையைக் கற்றது. ஒற்றை அணு!

நடனத்திலும் வட்டார வழக்கு உண்டு என்பதுதான் என்னை மலைக்க வைத்தது. பெங்களூரில் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. அருகிலேயே மேயும் இனம் சிறு தூரத்துக்கும் நீளமாக ஆடுகிறது, எட்டப் போகும் மலைத்தேனீ அதே தூரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறது. சீனாவில் நம் இனத்து ஈயையும் ஐரோப்பிய ஈயையும் ஒரே பெட்டியில் குடிவைத்தார்கள். 2008இல் வந்த முடிவு: நம் இனத்து ஈ, அயலாரின் வழக்கைப் புரிந்துகொண்டது. நெய்யாற்றின்கரைச் சந்தையில் நாம் செய்வதும் இதுதானே!

2023இல் சீனாவிலிருந்து இன்னொன்று. முதிய ஈக்களே இல்லாத பெட்டியில் ஐரோப்பிய இளம் ஈக்களை வளர்த்தார்கள். பெரியவர் ஆடிப் பார்க்காத பிள்ளைகள் ஆடத்தான் செய்தன, ஆனால் தாறுமாறாக. திசைப் பிழை பழகப் பழகச் சரியாயிற்று. தூரப் பிழை ஆயுசுக்கும் போகவில்லை. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்கள் இதை இரண்டு தரம் படிக்கலாம்.

1991-92இல் இங்கே ஒரு வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் பை போல உப்பிச் செத்தன. எல்லைக்கு இருபுறமும் பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. தேனை நம்பியிருந்த வீடுகள் வேறு வேலைக்குப் போயின. இத்தாலிய ஈயும் அதன் பிறகே இங்கே வந்து குடியேறியது. மிஞ்சிய நாட்டுக் கூடுகளை இரண்டாகப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெருக்கினார்கள். பிரிக்கும்போது புதுப் பெட்டியைப் பக்கத்திலேயே வைத்தால், பறந்து பழகிய முதிய ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். புதியதில் இளசுகளே மிஞ்சும். சீன ஆய்வைச் சொன்னபோது பெட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். "அண்ணாச்சி, அதுக்குத்தான் நாங்க பிரிச்ச பெட்டிய ராத்திரியோட ராத்திரியா நாலு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோயி வைப்போம். கிழடுக கூடவே தங்கிரும்லா" என்றார்.