வெள்ளிக்கிழமை வீணை

சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைக் கச்சேரி என்றால், கேட்க வந்தவர்கள் மூச்சை அடக்கி உட்கார வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது, நாதமோ அத்தனை மென்மை. சுரங்களை அசைத்து இழைக்கும் அந்தக் கமகங்களைக் காதில் வாங்க அந்த அறையில் இடம் கிடைத்தாக வேண்டும்.

1938இல் அவர் மறைந்தார். நல்லவேளை, அதற்குள் சில இசைத்தட்டுகள் பதிவாகியிருந்தன. ஆனால் கமகங்களைப் பிரித்துக் கேட்கத் தட்டின் சுழற்சியைக் குறைத்தால் சுருதியும் இறங்கிவிடும்.

இன்று அந்தப் பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன. பாதி வேகத்தில் ஓடவிட்டாலும் சுருதி மாறாது. தந்தியை எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்று நூறு முறை கேட்கலாம். கைவிரலைத் திருத்த ஆசிரியர் வேண்டும்தான். காதுக்கு இதைவிட நல்ல பாடம் அரிது.

1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ நூலும் கமகக் குறிகளோடு இணையத்தில் கிடைக்கிறது. வீணை பயில்பவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.