இடது காலுக்குக் கிடைத்த இடம்

காரில் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என மூன்று பெடல்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இன்றைய பல கார்களில் கிளட்சுக்கு இடப்பக்கம் நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. அதை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. அதனால்தான் அதற்கு 'டெட் பெடல்' என்று பெயர். இடது காலை வைத்துக்கொள்ள ஒரு சிறு மேடை, அவ்வளவுதான். ஆனால் இந்த மேடை வருவதற்கு முன் இடது கால் பட்ட பாடு கொஞ்சமல்ல!

மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் மோட்டார் தொழிலைத் தொடங்கியது 1911-ல். அடுத்த ஆண்டே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அந்தக் காலத்தில் உலகமெங்கும் புகழ்பெற்றிருந்த கார் ஃபோர்டு 'மாடல் டி' (1908–1927). அதிலும் மூன்று பெடல்கள்தான். ஆனால் வேலையே வேறு! இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதி அழுத்தினால் நியூட்ரல், விட்டுவிட்டால் டாப் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். ஆக்சிலரேட்டரோ ஸ்டியரிங்குக்குக் கீழே, கையால் இயக்கும் சிறு நெம்புகோல். மேடு ஏறும்வரை இடது காலை எடுக்கவே முடியாது.

இன்றைய பெடல் வரிசை 1916-ல் காடிலாக் 'டைப் 53' காரில் வந்தது. 1922-ல் வந்த ஆஸ்டின் 7 அதைப் பரவலாக்கியது.

நம் நாட்டில் அம்பாசிடர் 1957-ல் வந்து 2014 வரை தயாரானது. பழைய அம்பாசிடரில் இடது காலுக்கு இரண்டு வேலை. கிளட்சை மிதிக்க வேண்டும். இரவில் எதிரே லாரி வந்தால், தரையில் இருக்கும் டிம் சுவிட்சையும் அதே காலால்தான் அழுத்த வேண்டும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் அந்த சுவிட்ச் ஸ்டியரிங் பக்கம் கைக்குப் போய்விட்டது. காலுக்கு ஒரு வேலை குறைந்தது. ஆனால் ஓய்வெடுக்கத் தனி மேடை கிடைக்கவில்லை.

பழைய சாலைகளில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. மாட்டு வண்டி, சைக்கிள், பஸ் என்று அடிக்கடி கியர் மாற்ற வேண்டியிருந்தது. நான்கு வழிச் சாலை வந்ததும் நிலைமை மாறியது. மதுரை திருநகரைத் தாண்டிக் கப்பலூரில் நெடுஞ்சாலை ஏறினால், கன்னியாகுமரி வரை சுமார் 240 கிலோமீட்டர். பெரும்பகுதி டாப் கியர்தான். வேலையில்லாத இடது கால் எங்கே போகும்? பழக்க தோஷத்தில் கிளட்ச் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். லேசாக அழுத்தினாலும் ரிலீஸ் பேரிங் தேயும், கிளட்ச் பிளேட் சூடாகித் தேயும். "ஹாஃப் கிளட்சில் ஓட்டாதீர்கள்" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

மேடை இல்லாத காரிலும், தேய்ந்த பிளாஸ்டிக் மேடை உள்ள காரிலும் புதியதைப் பொருத்தலாம். அலுமினியத் தகட்டில் ரப்பர் குமிழ்கள் பதித்த வகை நல்லது. ரப்பர் இல்லாத வெறும் தகடு, மழை நாளில் ஈரச் செருப்போடு வழுக்கும். ஸ்குரூ போடுமுன் கார்ப்பெட்டைத் தூக்கி, கீழே வயர் ஓடுகிறதா என்று பார்ப்பது அவசியம். மேடை கிளட்ச் பெடலை விட உயரமாக இருக்கக் கூடாது. கிளட்சை முழுக்க மிதிக்கும்போது செருப்பின் ஓரம் எங்கும் இடிக்கக் கூடாது. மிதியடி நகர்ந்து பெடலுக்கு அடியில் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பயனும் உண்டு. திடீரென்று பிரேக் போடும்போது உடல் முன்னே சரியும். அப்போது இடது காலை ஊன்றி உடலை நிறுத்திக்கொள்ள உதவுவது இந்த மேடைதான். பெயர்தான் செத்த பெடல். ஆனால் ஆபத்து நேரத்தில் உயிரைக் காக்க அதுவும் துணை நிற்கும்!